பின்பலகை

நல்லேப்பிள்ளி
8 செப்டம்பர் 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

மருதா எழுதுகிறேன். இங்கே நாங்கள் மூவரும் நலம். இவருக்கு மட்டும் முழங்கால் வலி, அதோடு சேர்த்து வாய்க்கொழுப்பும். அங்கே சின்னக்கானலில் குளிர் ஆரம்பித்திருக்கும். உங்கள் சளி எப்படி இருக்கிறது? போன வருடம் கொடுத்தனுப்பிய கம்பளியைப் போர்த்துகிறீர்களா, இல்லை பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறீர்களா?

உங்கள் ரிசார்ட் படகு ஷெட்டில் போனுக்கு டவர் கிடைக்காது என்று நீங்கள் சொன்னதிலிருந்து, மூன்று வருடமாக நமக்குள் கடுதாசிதான். கௌசிக் கேலி செய்கிறான். "அம்மா, போஸ்ட்மேனுக்கு வேலை குடுக்கறது நீயும் மாமாவும் மட்டுந்தான்" என்கிறான். செய்துவிட்டுப் போகட்டும். எனக்கு எழுதப் பிடித்திருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். ஆடி மாதம் கௌசிக் நண்பர்களோடு உங்களைப் பார்க்க வந்து ஒரு மணி நேரத்தில் திரும்பினானே, அப்போது உங்கள் ரிசார்ட் ஷெட்டில் ஒரு பழைய பைபர் போட் கிடப்பதைப் பார்த்திருக்கிறான். அன்றிலிருந்து அதே பேச்சு. அதைக் குத்தகைக்கு எடுத்துப் புதுப்பித்து, அணைத் தண்ணீரில் சுற்றுலாக்காரர்களை ஏற்றி ஓட்டப் போகிறானாம். பைக் ஷோரூம் வேலையை விட்டுவிட்டான். படகு ஓட்டும் சிராங்கு லைசென்ஸுக்குப் படிக்கிறான். இருபத்தைந்து வயதுப் பையனை எத்தனை நாள் வரப்பில் கட்டி வைப்பது?

இவர் குதிக்கிறார். "வயக்காட்டை வெச்சுக்கிட்டுத் தண்ணியில போயிப் பொழைக்கோணுமாக்கும்? உங்கொண்ணன் இருவது வருசம் வெளிநாட்டுல போட் செஞ்சாரு. கடைசீல ஊர்ல ஒரு செவுரு கட்டுனாரா?" என்றார். நான் சோற்றைப் போட்டேன். உள்ளே எரிந்தது.

நேற்று என்ன தோன்றியதோ, இறங்கி வந்தார். "சரி, உங்கொண்ணனே அந்தப் போட்டைப் பாக்கட்டும். நல்லாருக்குன்னு அவரு கைப்பட எழுதிக் குடுத்தா நான் குறுக்க நிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். கல்யாணமாகி இருபத்தெட்டு வருடத்தில், என் பிறந்த வீட்டு ஆள் சொன்னால் கேட்கிறேன் என்று இவர் சொன்னது இதுதான் முதல் தடவை.

நன்றாகப் பாருங்கள் அண்ணா. எனக்கு இருப்பது ஒரே பிள்ளை.

உங்கள் தங்கை,
மருதாத்தாள்


சின்னக்கானல்
26 செப்டம்பர் 2024

அன்புத் தங்கை மருதாவுக்கு,

அண்ணன் அப்புசாமி எழுதிக்கொண்டது. உடம்பு தேவலை. கம்பளி பெட்டியில் இல்லை, தோளில் இருக்கிறது. மாப்பிள்ளையின் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. வாய்க்கு மருந்து எனக்குத் தெரியாது.

அந்தப் போட்டை எனக்குத் தெரியும். இருபத்திரண்டு அடி. பதினைந்து வருடத்துக்கு முன்னால் செய்தது. ஐந்தாறு வருடமாக ஓடாமல் ஷெட்டில் கிடக்கிறது. பார்த்தால் வெள்ளை வெளேரென்று இருக்கும். அங்கேதான் ஆட்கள் ஏமாறுவார்கள். மாப்பிள்ளைக்கும் புரிகிற மாதிரி எழுதுகிறேன், படித்துக் காட்டு.

பைபர் இற்றுப்போகாது. ஆனால் அதன் வயிற்றுக்குள் மரம் இருக்கிறது. தரைக்கு அடியில் நீளக் கட்டைகள். பின்னால், மோட்டாரைத் தொங்கவிடுகிற இடத்தில், கனமான பிளைவுட் பலகை. அதற்குப் பின்பலகை என்று பெயர். இரண்டு பக்கமும் பைபர் மூடியிருப்பதால் மரம் கண்ணுக்குத் தெரியாது. எங்காவது ஓர் ஆணித் துளை வழியாகத் தண்ணீர் உள்ளே போனால் வெளியே வர வழியில்லை. வருடக்கணக்கில் உள்ளேயே நின்று மரத்தை ஊறவைத்த அவலாக ஆக்கிவிடும். வெளித்தோல் அப்படியே பளபளவென்று இருக்கும். அந்தப் பின்பலகையில் நூறு கிலோ மோட்டாரை மாட்டி வேகமாக ஓட்டினால், நடுத் தண்ணீரில் பலகை பிய்ந்து மோட்டாரோடு போகும். பின்பக்கம் திறந்த போட் ஒரு நிமிடம் மிதக்காது.

இதைக் கண்டுபிடிக்க நல்ல வழி துளை போட்டுப் பார்ப்பது. மரத்தூள் காய்ந்து வெளுப்பாக வந்தால் நல்லது. ஈரமாகக் காப்பிப்பொடி மாதிரி வந்தால் போச்சு. ஆனால் குத்தகைப் பத்திரம் எழுதும் வரை ஒரு துளை கூடப் போடக் கூடாது என்று முதலாளி சொல்லிவிட்டார். ஆகவே தட்டித்தான் பார்க்க வேண்டும். திருப்புளியைத் தலைகீழாகப் பிடித்து அதன் பிடியால் தட்டினால் நல்ல இடம் வெடுக்கென்று 'டக்' என்று சொல்லும். இற்ற இடம் 'பொத்' என்று சொல்லும். ஷார்ஜா யார்டில் ஐம்பது பேர் இருந்தோம். சந்தேகம் வந்தால் அப்புசாமியின் காதைக் கூப்பிடு என்பார்கள்.

பெடல் போட் வேலை கொஞ்சம் நிற்கிறது. அதை முடித்துவிட்டுப் பார்த்து எழுதுகிறேன். கௌசிக் எனக்கும் ஒரே மருமகன்தான்.

அன்புடன்,
அண்ணன்


நல்லேப்பிள்ளி
13 அக்டோபர் 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீங்கள் சுகமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். இங்கே சுகக்கேடு ஒன்றும் இல்லை. முதல் போகம் அறுப்பு மழையில் மாட்டிக்கொண்டு, வைக்கோல் பாதி கறுத்துவிட்டது.

உங்கள் கடுதாசியை இவருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். வாய்க்கு மருந்து தெரியாது என்ற வரியை மட்டும் விட்டுவிட்டேன். பின்பலகை விஷயத்தை இரண்டு தடவை படிக்கச் சொன்னார். "ஆளு வெவரமாத்தான் எழுதறாரு" என்றார். இவர் வாயிலிருந்து இவ்வளவு வந்தால் அது பொன்னாடை போர்த்திய மாதிரி.

கௌசிக் அதைப் போனில் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டான். வகுப்பில் எல்லாருக்கும் காட்டுகிறானாம், எங்க மாமா எழுதியது என்று.

எனக்குத்தான் பயம். ஒரு நிமிடம் மிதக்காது என்று எழுதிவிட்டீர்கள். உங்களுக்கு அரைகுறையாகச் சந்தேகம் இருந்தாலும் வேண்டாம் என்று எழுதிவிடுங்கள். பையன் நான்கு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான், அவ்வளவுதானே. உங்கள் காதை நம்பித்தான் இருக்கிறேன். சின்ன வயதில் அப்பா கிணற்று மோட்டாரில் கோளாறு என்றால் வரப்பில் நின்றபடியே எந்த பேரிங் போயிருக்கிறது என்று சொல்வீர்களே.

இப்படிக்கு,
மருதா


சின்னக்கானல்
9 நவம்பர் 2024

அன்புத் தங்கைக்கு,

நானும் சுகம், இங்கே மழையும் சுகம். ஒரு வாரமாக விடாமல் பெய்கிறது. நீங்கள் மூவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போட்டைப் பார்த்துவிட்டேன். ஒரு நாள் அல்ல, இரண்டு நாள். முன்பக்க மூக்கிலிருந்து பின்பலகை வரை நான்கு விரலுக்கு ஒரு தட்டு. தரை, இரண்டு பக்கச் சுவர், அடிவயிறு எல்லாம். முன்பக்கத்தில் உள்ளே மரமே கிடையாது, முழுக்க பைபர். அது கெட வழியில்லை. அந்தச் சத்தத்தைக் கணக்காக வைத்துக்கொண்டு மற்ற இடங்களைத் தட்டினேன். எங்கும் சத்தம் மாறவில்லை. பின்பலகையில் மட்டும் ஐம்பது தடவை தட்டியிருப்பேன். உள்ளங்கையை வைத்தும் பார்த்தேன். முன்பக்கம் எப்படியோ பின்பக்கமும் அப்படியே.

பின்பலகையில் ஒரு பழைய போல்ட்டைக் கழற்றி, துளையில் ஈரம் இருக்கிறதா என்று பார்க்க நினைத்தேன். துருப்பிடித்து வரவில்லை. விட்டுவிட்டேன். என்னோடு படகுத்துறையில் வேலை பார்க்கும் டின்டு இரண்டு நாளும் பக்கத்தில் நின்று பார்த்தான். அவனுக்கும் திருப்திதான்.

மாப்பிள்ளை கைப்படக் கேட்டாரல்லவா? எழுதுகிறேன். இந்தப் போட் புதுப்பிக்கத் தகுதியானது. பின்பலகை உறுதியாக இருக்கிறது. இது என் வாக்கு. அ. அப்புசாமி.

பத்திரம் எழுதிய பிறகு வெளித்தோலைத் தேய்த்து, பின்பக்கத்தில் புதிதாக இரண்டு படலம் பைபர் ஒட்டிப் பெயின்ட் அடித்துவிடுகிறேன். சித்திரைக்குள் தண்ணீரில் இறக்கலாம்.

அன்புடன்,
அண்ணன்


நல்லேப்பிள்ளி
24 நவம்பர் 2024

என் அண்ணாவுக்கு,

உடம்பைப் பற்றி அப்புறம் விசாரிக்கிறேன், முதலில் இதைக் கேளுங்கள். உங்கள் கடுதாசி வந்த அன்று எங்கள் வீட்டு மோகனசுந்தரக் கவுண்டர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தானே படித்தார். படித்து முடித்து மடித்து, நிலப் பத்திரம் வைத்திருக்கிற இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். "மச்சான் வாக்குக் குடுத்துட்டாரல்ல, இனி என்னத்தை யோசிக்கறது" என்றார். மச்சான் என்றார் அண்ணா! இத்தனை வருடமாக நீங்கள் 'உங்கொண்ணன்'தான்.

நான் சமையலறைக்குப் போய் அழுதேன். சந்தோஷத்தில்தான். என் பிறந்த வீட்டைப் பற்றி இந்த வீட்டில் கேட்டதெல்லாம் ஒரு கடுதாசியில் கழுவிப் போனது போல இருந்தது.

போன வாரம் பத்திரம் எழுதியாயிற்று. கௌசிக் போட்டுக்குப் பெயர் தேடிக்கொண்டிருக்கிறான். முதல் ஓட்டத்தில் தாய்மாமன் ஏறி உட்கார்ந்தால்தான் வண்டியை எடுப்பேன் என்கிறான். மொட்டையடித்துக் காது குத்தும்போது உங்கள் மடியில்தான் உட்கார்ந்தான், அந்த முறைதானாம் இதுவும்.

இப்போது விசாரிக்கிறேன். சளி எப்படி? மழையில் நனைய வேண்டாம்.

அன்புடன்,
மருதா


நல்லேப்பிள்ளி
20 ஜனவரி 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்களிடமிருந்து இரண்டு மாதமாக ஒரு வரியும் இல்லை. வேலையாக இருப்பீர்கள். இங்கே பொங்கல் நல்லபடியாக முடிந்தது. எல்லாரும் நலம்.

நம் தெருக் காளியாத்தாள் அக்கா பொங்கல் லீவில் மகன் குடும்பத்தோடு மூணாறு சுற்றிவிட்டு உங்கள் ரிசார்ட் பக்கமும் வந்திருந்தாராம். படகுத்துறையில் உங்களைப் பார்த்தாராம். "பின்னால நின்னு நாலு தடவ கூப்புட்டனுங்க, திரும்பவே இல்ல. முன்னால போயி நின்ன அப்பறந்தான் சிரிச்சாரு. ஒடம்பு எப்படீங்னு கேட்டா, தண்ணி கொறஞ்சிருச்சுங்கறாரு" என்றார். அங்கே நின்றபடியே அவர் மகன் அரை மணி நேரம் போனில் ஆபீஸ் வேலை பேசினானாம்.

மோட்டார் போட் சத்தமாக இருந்திருக்கும் என்று அக்காவிடம் சொன்னேன். இதை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. காளியாத்தாள் அக்காவையும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.

அண்ணா, ஒன்று கேட்கிறேன். அந்த டின்டு இருக்கிறாரல்லவா, அவரை விட்டுப் பின்பலகையை ஒருமுறை தட்டச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுங்கள். இப்போது பத்திரம் முடிந்துவிட்டதே, நீங்கள் எழுதியிருந்த மாதிரி ஒரு துளையும் போட்டுப் பார்த்துவிடலாமே. எனக்கு வேறு சந்தேகம் ஒன்றும் இல்லை. பெற்றவள் பயம், அவ்வளவுதான்.

உடனே பதில் எழுதுங்கள். குளிர் அதிகமாமே, காதை மூடிக்கொண்டு படுங்கள்.

மருதா


சின்னக்கானல்
26 பிப்ரவரி 2025

மருதாவுக்கு,

நலம். நீங்களும் நலமாக இருப்பீர்கள்.

உன் கடிதம் வந்து ஒரு மாதமாகிறது. பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தேன். கோபம். இருபத்திரண்டு வருடம் செய்த வேலையை நேற்று வந்த ஒருவனை விட்டுச் சரிபார்க்கச் சொல்கிறாய். அவன் தண்ணீரில் விழுந்தவர்களைத் தூக்க வைத்திருக்கிற நீச்சல்காரன். பைபர் அவனுக்கு என்ன தெரியும்? நான் வாக்குக் கொடுத்து மாப்பிள்ளை அதை இரும்புப் பெட்டியில் வைத்த பிறகு, போட்டைத் திரும்பத் தட்டிக்கொண்டிருந்தால் இந்தத் துறையில் என்னை யார் மதிப்பார்கள்? இங்கே ஆளைக் குறைக்கிறார்கள். வயதானவர்கள் யார் என்று பட்டியல் போடுகிறார்கள். இந்த வேலையும் போனால் நான் எங்கே போவேன்? உன் வீட்டுக்கா?

காளியாத்தாளை எனக்கு அடையாளம் தெரியவில்லை. அதனால் பேசவில்லை.

நீ கேட்டதற்காக ஒரு துளை போட்டேன். பின்பலகையில்தான். காய்ந்த வெள்ளைத் தூள் வந்தது. துளையை ரெசின் வைத்து அடைத்துவிட்டேன். புதுப் படலமும் ஒட்டியாயிற்று. இனி அந்தப் பேச்சு வேண்டாம்.

கௌசிக்கை மார்ச் கடைசியில் அனுப்பு. மோட்டார் மாட்டும்போது அவன் கூட இருக்கட்டும்.

அண்ணன்


நல்லேப்பிள்ளி
9 மார்ச் 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் மனம் நோகும்படி எழுதிவிட்டேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் உடம்பு எப்படி என்று கூட நீங்கள் இந்தத் தடவை எழுதவில்லை. அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

தூள் காய்ந்து வந்ததே, அது போதும். இரண்டு நாளாகத்தான் நிம்மதியாகச் சாப்பிடுகிறேன். இனி இதைப் பற்றி ஒரு வார்த்தை எழுத மாட்டேன். உங்கள் வேலைக்கோ பெயருக்கோ என்னால் ஒரு கெடுதலும் வராது. நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன்.

கௌசிக் இருபத்தெட்டாம் தேதி கிளம்புகிறான். லைசென்ஸ் கிடைத்துவிட்டது. இவர் அறுப்பு முடிந்த கையோடு பையனுக்கு மழைக்கோட்டும் டார்ச் லைட்டும் வாங்கி வந்தார். தானே பையில் வைத்தார். "மாமன் சொல்றதைக் கேட்டுக்கோ" என்று பத்துத் தடவை சொல்லிவிட்டார்.

அவன் காலையில் ஆறு மணிக்கு எழ மாட்டான். தண்ணீர் தெளித்து எழுப்புங்கள். எண்ணெய்ப் பலகாரம் கொடுத்துவிடுகிறேன், இரண்டு பேரும் சாப்பிடுங்கள்.

உங்கள் மருதா


சின்னக்கானல்
18 மே 2025

தங்கச்சி,

இதை நீ பிரிப்பாயோ மாட்டாயோ தெரியாது. அன்று உங்கள் வாசலில் மாப்பிள்ளை என்னை உள்ளே விடவில்லை. அது நியாயம். கௌசிக்கின் முகத்தைத் தெருவில் நின்றுதான் பார்த்தேன்.

நடந்ததை மற்றவர்கள் சொல்லியிருப்பார்கள். நான் சொல்ல வேண்டியது மிச்சம் இருக்கிறது. எனக்குக் காது கேட்காது மருதா. ஷார்ஜாவில் கிரைண்டர் மிஷினோடு கழித்த வருடங்களில் கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்று. இங்கே வந்தபோதே பாதிக்கு மேல் இல்லை. கூர்மையான சத்தம் ஒன்றும் விழாது. ஷெட்டில் டவர் நன்றாகக் கிடைக்கும். போனில் உன் குரல் கேட்கவில்லை என்று உன்னிடம் சொல்ல வெட்கப்பட்டுத்தான் கடுதாசி எழுதச் சொன்னேன்.

போட்டைத் தட்டியபோது எனக்கு எல்லா இடமும் 'பொத்' என்றுதான் கேட்டது. கெட வழியே இல்லாத முன்பக்கமும் அப்படித்தான். அப்படியானால் பின்பலகையும் நல்லதுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டாம் நாள் டின்டு ஏதோ சொன்னான். தலையாட்டினேன். அவன் அன்று சொன்னது என்ன என்று, எல்லாம் முடிந்த பிறகு ஒரு தாளில் எழுதிக் காட்டினான். "சேட்டா, பின்னால சத்தம் வேற மாதிரி இருக்குன்னு அன்னைக்கே சொன்னேன். நீங்க தலையாட்டினீங்க. புதுசா ரெண்டு படலம் ஒட்டினதும் சரி பண்ணிட்டீங்கன்னு நெனச்சேன்."

பிப்ரவரியில் துளை போட்டேன் என்று எழுதியது பொய்யில்லை. மேல் விளிம்பில் போட்டேன். தண்ணீர் கீழேதான் தேங்கும், முதலில் இற்றுப்போவது அடிப்பாகம்தான். யார்டில் புதிதாக வந்தவனுக்குக் கூட அது தெரியும். காய்ந்துதான் வரும் என்று தெரிந்த இடத்தில் துளை போட்டு, காய்ந்து வந்தது என்று உனக்கு எழுதினேன்.

ஏப்ரல் இருபத்தேழு, ஞாயிற்றுக்கிழமை. அடுத்த வாரம் அதிகாரிகள் வந்து போட்டைப் பார்ப்பதாக இருந்தது, அதற்கு முன் ஓட்டிப் பார்க்க இறக்கினோம். அவன் முன்னால் ஸ்டியரிங்கில், நான் பின்னால் மோட்டார் பக்கத்தில். தாய்மாமன் ஏறாமல் எடுக்க மாட்டேன் என்றான். கரையிலிருந்து கொஞ்ச தூரம் போனதும் மரம் முறிகிற சத்தம் வந்திருக்கிறது. கரையில் நின்ற டின்டுவுக்கே கேட்டதாம். அதன் மேல் உட்கார்ந்திருந்த எனக்குக் கேட்கவில்லை.

கௌசிக்குக் கேட்டிருக்கிறது. வேகத்தைக் குறைத்தான். இருக்கையை விட்டு எழுந்து, பின்னால் நடந்து வந்து, என் நேர் முன்னால் நின்று ஏதோ கேட்டான். இங்கே வந்த நாளிலிருந்தே அப்படித்தான். எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் என் முன்னால் வந்து நின்றுதான் பேசுவான். அப்படி ஒரு அடக்கமான பிள்ளை. உதட்டைப் பார்த்தே நான் ஒரு மாதம் சமாளித்தேன். அன்று வெயில் அவன் முதுகுக்குப் பின்னால் இருந்தது. முகம் தெரியவில்லை. மூன்று வருடப் பழக்கம், யார் என்ன கேட்டாலும் சிரித்துத் தலையாட்டுவேன். அன்றும் சிரித்துத் தலையாட்டினேன்.

சரி என்று திரும்பினான். இரண்டு அடி வைப்பதற்குள் பின்பலகை பிய்ந்தது. மோட்டாரோடு போன ஸ்டியரிங் கேபிள் அவன் காலைச் சுற்றி இழுத்தது. என்னைத் தண்ணீர் முன்பக்கம் தள்ளிவிட்டது. முன்னால் அவன் இடத்திலேயே உட்கார்ந்திருந்தால் அவனும் மிதந்திருப்பான். அவன் கடைசியாக என்ன கேட்டான் என்று எனக்குத் தெரியாது. இனியும் தெரியப்போவதில்லை.

போலீஸ் உன்னிடமும் வாக்குமூலம் வாங்க வரும். ஜனவரியில் நீ எழுதிய கடிதத்தைப் படித்தபோதே எனக்குப் புரிந்தது, உனக்கு என் காதைப் பற்றித் தெரிந்துவிட்டது என்று. அதையும் மார்ச் கடிதத்தையும் அடுப்பில் போட்டுவிட்டேன். யார் கேட்டாலும் உனக்கு எதுவும் தெரியாது என்று சொல். மாப்பிள்ளையிடமும் அப்படியே சொல். பழி என் ஒருவனோடு போகட்டும்.

அப்புசாமி


நல்லேப்பிள்ளி
2 ஜூன் 2025

அண்ணா,

நீங்கள் அவற்றை எரித்திருக்க வேண்டாம்.

போலீஸ் வெள்ளிக்கிழமை வந்தது. அவர்கள் கேட்பதற்கு முன்னாலேயே, இவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொன்னேன். என் அண்ணனுக்குக் காது கேட்காது என்று ஜனவரியிலிருந்து எனக்குத் தெரியும் என்று சொன்னேன். எழுதிக்கொண்டு போனார்கள்.

இவர் எழுந்து வெளியே போனார். ஒரு மாதமாகக் காலையும் மாலையும் உங்களைத் திட்டிக்கொண்டிருந்த மனிதர். நான் அதைக் கேட்டுக்கொண்டு பருப்பு தாளித்திருக்கிறேன் அண்ணா. அவர் திட்டத் திட்ட, நானும் கூடச் சேர்ந்து தலையாட்டியிருக்கிறேன். அன்று ஒரு சொல் வரவில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய் நாற்றங்கால் வரப்பைப் புல் செதுக்கிக் கழிக்க ஆரம்பித்தார். இருட்டும் வரை கழித்தார். இப்போது எனக்கு அவர் திட்டினால் போதும் என்று இருக்கிறது.

ஏன் சொல்லவில்லை என்று அவர் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வேன்? உங்களை அவர் ஒரு தடவை மச்சான் என்று கூப்பிட்டார். என் பிறந்த வீட்டுக் காகிதம் ஒன்று அவர் இரும்புப் பெட்டியில் இருந்தது. என் அண்ணன் செவிடு, அவர் வாக்கு செல்லாது என்று போய்ச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. என் பிள்ளையை விட அது எனக்குப் பெரிதாக இருந்திருக்கிறது. அப்போது அப்படித் தோன்றவில்லை. இப்போது வேறு எப்படியும் தோன்றவில்லை.

இன்னொன்று இருக்கிறது. இதைப் போலீஸிடமும் சொல்லவில்லை, இவரிடமும் சொல்லவில்லை. உங்கள் கடுதாசியைப் படித்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. ஆகவே உங்களிடம்தான் சொல்ல முடியும்.

மார்ச் இருபத்தெட்டாம் தேதி காலையில் அவன் பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றான். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. எனக்கு எல்லாம் வாய் வரை வந்தது. மாமாவுக்குக் காது கேட்காது கண்ணு, நீயே இன்னொரு தடவை அந்தப் பலகையைத் தட்டிப் பாரு என்று சொல்ல அரை நிமிடம் ஆகியிருக்காது. இவர் பக்கத்தில் நின்றார். நான் அவன் சட்டைக் காலரைச் சரிசெய்தபடி இவ்வளவுதான் சொன்னேன். "மாமாவைத் தள்ளி நின்னு கூப்புடக் கூடாது. என்ன கேக்கறதானாலும் பக்கத்துல போயி, முன்னால நின்னு கேக்கோணும்."

"எதுக்கும்மா?" என்றான்.

"மரியாதை" என்றேன்.

மருதாத்தாள்